பல் படாமல்

என் மூத்த மகள் கோயிலில் முதன்முதலாக நன்மை வாங்கிய நாளில் எடுத்த புதுநன்மைப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. வெள்ளை ஃபிராக், தோள்வரை தொங்கும் முக்காடு, தலையில் துணிப்பூ வளையம், கையில் அவள் மணிக்கட்டு கனத்துக்கு ஒரு மெழுகுவத்தி. "கொஞ்சம் சிரிம்மா" என்று ஸ்டுடியோக்காரர் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டுதான் நின்றாள். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் என்ன அடக்கமான பிள்ளை என்றார்கள். நானும் பல மாதம் அதையே பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். அவள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று தெரிந்த பிறகு அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அவள் வாயை மூடியவள் நான்தான்.

அறுபதுகளின் கடைசி அது. ராயபுரத்தில், துறைமுகத்துக்குச் சரக்கு வண்டி போகும் தண்டவாளத்தை ஒட்டி, ஆறு குடித்தனம் சேர்ந்திருந்த ஒரு வீட்டில் எங்களுக்கு ஒரு அறையும் ஒரு சமையற்கட்டும். முற்றத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய், அதன் பக்கத்தில் ஒரு துவைக்கும் கல். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினார். காலையில் துடைத்த ஜன்னல் கட்டையில் மத்தியானம் விரலை வைத்தால் கரி ஒட்டும். எனக்கு இரண்டு பெண்கள். பெரியவளுக்கு அப்போது ஏழு வயது, சின்னவளுக்கு நாலு.

சாயங்காலம் ஏழு மணி என்றால் எங்கள் வீட்டில் ஜெபம். இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் சிவப்பு ஜீரோ வாட் பல்பு எரியும். தரையில் முழங்கால் போட்டு ஜெபமாலையின் ஐம்பத்துமூன்று மணியும் சொல்லி முடிக்க வேண்டும். குதிகாலில் உட்கார்ந்தால் காதைத் திருகுவேன். கொட்டாவி விட்டால் அந்தப் பத்து மணியைத் திரும்பச் சொல்ல வைப்பேன். நாங்கள் ஜெபம் சொல்லும்போது பக்கத்துக் குடித்தனத்தில் ரேடியோவைக் குறைத்து வைப்பார்கள். பக்தியால் அல்ல, என் வாய்க்குப் பயந்து.

இப்படி இறுக்கிப் பிடித்ததற்கு என் பக்கத்தில் ஒரு காரணமும் இருந்தது. அந்த வருடங்களில்தான் கோயிலில் எல்லாம் மாறிக்கொண்டிருந்தது. அதுவரை பீடத்தைப் பார்த்து லத்தீனில் பூசை வைத்த சாமியார் எங்கள் பக்கம் திரும்பி நின்று தமிழில் சொல்ல ஆரம்பித்தார். நான் பால் பல்லோடு கற்றுக்கொண்ட ஜெப மந்திரங்களில்கூட வார்த்தைகளை மாற்றினார்கள். மகள் பள்ளிக்கூடத்தில் கற்ற புதிய வார்த்தையைச் சொல்வாள், நான் பழையதைச் சொல்வேன், இரண்டும் நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும். என் பிள்ளைகளுக்குக் கொடுக்க என்னிடம் நகையோ நிலமோ இல்லை. இந்த விசுவாசம் ஒன்றுதான் இருந்தது. அதுவும் கை மாறுவதற்குள் உருமாறிப் போகிறதே என்று எனக்குப் பயமாக இருந்தது. அதனால் கோயிலில் தளர்த்தியதையெல்லாம் நான் வீட்டில் இறுக்கினேன்.

உதாரணத்துக்கு, பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் ஓஸ்தி அப்பத்தை, அதாவது நன்மையை, வாங்குவதற்கு முன் இருக்கும் விரதம். என் சின்ன வயதில் நடு இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட நாவில் படக்கூடாது. பிறகு தண்ணீர் குடித்தால் பாதகமில்லை என்றார்கள். அப்புறம் ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும் என்றார்கள். என் வீட்டில் அந்தச் சலுகையெல்லாம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்வரை தண்ணீர்ப் பானையின் மூடியைத் திறக்கக்கூடாது என்பது என் சட்டம்.

பெரியவள் துறுதுறுவென்று இருப்பாள். கோயிலில் அவளை ஒரே இடத்தில் உட்கார வைப்பதே பெரிய பாடு. அவளுக்குப் புதுநன்மை கொடுக்கப் பெயர் எழுதிக்கொண்ட அன்றைக்கே எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. பீடத்துக்கு முன்னால் தடுத்திருக்கும் கிராதியில் முழங்கால் போட்டு, நாக்கை நீட்டி, ஓஸ்தியை வாங்கி, கடிக்காமல் கரையவிட்டு விழுங்க வேண்டும். இவள் அதை பிஸ்கட் மாதிரி மென்றுவிட்டால் சபையில் என் மானம் போகும்.

மடத்துச் சிஸ்டர்கள் ஓஸ்தி வெட்டியது போக மிஞ்சும் விளிம்புத் துண்டுகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். பூசையில் மந்திரித்தால்தான் அது சாமியின் உடல், இது வெறும் அப்பம். அதைக் கொண்டுவந்து மகளுக்கு ஒத்திகை நடத்தினேன். முதல் துண்டை வாயில் வைத்ததும் நொறுக்கென்று கடித்தாள். இரண்டாவதையும் கடித்தாள். மூன்றாவதைக் கடித்துவிட்டு, இன்னொன்று தா என்று சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. என் சின்ன வயதில் ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்த டீச்சரம்மா எங்களை மிரட்டிய அதே வார்த்தை என் வாயில் வந்தது.

"பல்லு பட்டுச்சுன்னா சாமிக்கு ரத்தம் வரும். உன் வாயெல்லாம் ரத்தமா ஆவும்."

அவள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒரு துண்டைக்கூட அவள் கடிக்கவில்லை. வாயை ஆவென்று பிளந்து, எச்சில் வழிய, கண் கலங்க, அது கரைகிறவரை காத்திருந்தாள். அந்தப் பக்கம் முகம் மழித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "கொயந்தைக்கு சாமிய பூச்சாண்டி ஆக்காதம்மே." கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் கோயிலுக்கு வருகிற மனிதர் எனக்குச் சொல்ல வந்துவிட்டாரா என்று நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒன்றை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். என் கல்யாணப் பூசையில் பதற்றத்தில் நானே ஓஸ்தியைக் கடித்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு ரத்தத்துக்காகக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அறியாமல் சொன்னேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை.

புதுநன்மை அன்றைக்கு அவளுடைய கீழ்வரிசைப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாகவே ஆடிக்கொண்டிருந்தது. நாக்கால் அதைத் தள்ளித் தள்ளி விளையாடுவாள், நானும் விடு, விழட்டும் என்பேன். ஆனால் அன்று காலை என் நினைப்பெல்லாம் முக்காட்டிலும் ஷூவிலும் இருந்தது. மூலையில் நானே சிலுவை பின்னல் போட்ட ஒரு கைக்குட்டையை அவள் இடுப்புப் பட்டியில் செருகி அனுப்பினேன்.

கிராதியில் வரிசையாக முழங்கால் போட்டார்கள். அவள் நாக்கை அழகாக நீட்டினாள், வாங்கினாள், வாயை மூடினாள். எழுந்து கைகூப்பித் திரும்பி வந்து இடத்தில் முழங்கால் போட்டவள், கைக்குட்டையை எடுத்து வாயில் பொத்திக்கொண்டு குனிந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று தெரிந்தது. என் துறுதுறுத்த பிள்ளை சாமியை வாங்கிய சந்தோஷத்தில் அழுகிறாளே என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பக்கத்திலிருந்தவளை முழங்கையால் இடித்துக் காட்டினேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பெருமைப்பட்ட நிமிஷம் வேறு கிடையாது.

பூசை முடிந்ததும் மடத்துக் கூடத்தில் பிள்ளைகளுக்குப் பன்னும் வாழைப்பழமும் காப்பியும் கொடுத்தார்கள். இவள் எதையும் தொடவில்லை. இன்னும் ஜெபத்தில் இருக்கிறாள் என்று நான் எல்லாரிடமும் சொன்னேன். அப்படியே ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனேன். கைக்குட்டை எங்கே என்று கேட்டதற்கு, தொலைந்துவிட்டது என்றாள். நல்ல நாளில் திட்ட வேண்டாம் என்று விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை பல் தானாக விழுந்தது. அவள் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். நான் வாங்கிப் பக்கத்து வீட்டு ஓட்டுக் கூரைமேல் எறிந்தேன். அப்போதும் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு எல்லாரும் நன்மை வாங்க எழுந்தபோது அவள் எழவில்லை. தண்ணி குடிச்சிட்டேம்மா என்றாள். சரி, மறந்திருப்பாள். அதற்கடுத்த ஞாயிறும் தண்ணீர் குடித்திருந்தாள். மூன்றாவது வாரம் நான் பானை மூடியின்மேல் அம்மிக் குழவியை ஏற்றி வைத்தேன். பல் தேய்க்கும்போது வாய் கொப்பளித்த தண்ணீரை விழுங்கிவிட்டேன் என்றாள். நாலாவது வாரம் பல் தேய்க்கும்போது பக்கத்திலேயே நின்றேன். கோயிலுக்குப் போகிற வழியில் தெருக்குழாயில் வாயை வைத்து என் கண் முன்னாலேயே குடித்தாள்.

தண்ணீர் குடித்தால் பாதகமில்லை, போய் வாங்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே விஷயம் வெளியே வந்திருக்கும். கோயிலில் எப்போதோ சொன்ன சலுகைதான். ஆனால் என் சட்டத்தை நானே எப்படி உடைப்பது? பூசையில் நன்மை வாங்காமல் உட்கார்ந்திருக்கிறவர்களை ஊரே கணக்கெடுக்கும். என்னவோ பாவம் இருக்கிறது, அதனால்தான் போகவில்லை என்று நினைப்பார்கள். எதிர்க் குடித்தனத்து அம்மா குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டே கேட்டாள்: "இன்னாம்மா, உம் பொண்ணு நன்மை வாங்காம குந்திகினே கீது? அன்னிக்கி அப்டி அயுதுச்சே." அவள் கேட்டதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அன்று அழுததை ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடித்தவள் நான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வீட்டுக்குள் வந்து, விசிறிக் காம்பால் பெரியவளை அடித்தேன். எத்தனை அடி என்று நினைவில்லை. அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். ஏன் அடிக்கிறாய் என்று கேட்கவில்லை. அடி தனக்கு வேண்டியதுதான் என்று நினைத்து வாங்கிக்கொண்டாள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

இப்படியே மாதங்கள் போயின. ஒரு கட்டத்தில் நானும் கேட்பதை விட்டுவிட்டேன். அவளும் இளைத்துப் போனாள். ஜெபத்தில் மட்டும் குதிகாலில் உட்காராமல், ஆடாமல் அசையாமல் முழங்கால் போட்டிருப்பாள். அதைப் பார்த்துக் கொஞ்சம் சமாதானப்பட்டுக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்காக இருதய ஆண்டவர் படத்தை இறக்கினேன். படத்துக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து மடித்த துணி ஒன்று விழுந்தது. நான் பின்னல் போட்ட கைக்குட்டை. பிரித்தேன். நடுவில் புளியங்கொட்டை அளவுக்குப் பழுப்பாகக் காய்ந்த கறை.

பெரியவள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. கிட்டே வந்து, துணியைத் தொடாமல், என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நா சாமிய கடிச்சிட்டேன்," என்றாள். "வேணும்னு கடிக்கலம்மா. பல்லு தானா பட்டுடுச்சு."

ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. ஆடிய பல், மூடிய வாய், அழுகை, தொடாத பன், ஞாயிறுதோறும் குடித்த தண்ணீர். அந்த ரத்தம் சாமியுடையது என்று நினைத்ததால் அவளால் அதைத் துவைக்கவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. சாமியிடமே கொண்டுபோய் வைத்திருக்கிறாள். ஏழு மாதமாக ஒவ்வொரு சாயங்காலமும் அதற்கு எதிரே முழங்கால் போட்டு என்னோடு ஜெபம் சொல்லியிருக்கிறாள். நான் அதைப் பக்தி என்று நினைத்தேன்.

அது உன் பல்லின் ரத்தம்டி, நான் சொன்னது பொய் என்று அவளைக் கட்டிக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் வேறொரு நினைப்பு குறுக்கே வந்து நின்றது. இது பொய் என்றால், மற்றதெல்லாம் என்று இவள் கேட்பாள். ஓஸ்திக்குள் சாமி இருக்கிறார் என்று சொன்னதும் நான். அவர் கேட்கிறார், பார்க்கிறார் என்று சொன்னதும் நான். எல்லாவற்றையும் ஒரே வாயால்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதில் ஒன்றை நானே உருவினால் மிச்சம் நிற்குமா என்று பயந்தேன். இப்போது யோசித்தால் அதுகூட முழு உண்மை இல்லை. பிள்ளையிடம் தலை குனிய எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

"சனிக்கிழம பாவசங்கீர்த்தனத்துல சொல்லிடு. சாமியார் மன்னிச்சுடுவாரு. எல்லாம் சரியாப் பூடும்," என்றேன்.

செய்யாத பாவத்துக்கு மன்னிப்புக் கேட்க, பெற்ற பிள்ளையை அனுப்பினேன். சொன்ன கையோடு கைக்குட்டையைக் குழாயடிக்குக் கொண்டுபோய்ச் சவுக்காரம் போட்டுக் கல்லில் தேய்த்தேன். கறை சட்டென்று போகவில்லை. கல்லில் அடித்து, மறுபடி சவுக்காரம் போட்டு, பிழிந்து கொடியில் போட்டேன். அவள் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையைச் சீக்கிரம் முடிக்கிற அவசரத்தில் நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை. அவள் எனக்கு முன்னால் நின்றாள். அவள் முறை வந்ததும் மரக்கூண்டுக்குப் பக்கத்தில் போய் முழங்கால் போட்டாள். சின்னப் பிள்ளைகள் ஒரு நிமிஷத்தில் எழுந்து வந்துவிடுவார்கள். இவள் வெகு நேரம் வரவில்லை. பின்னால் நின்றவர்கள் கால் மாற்றி நின்றார்கள். வந்தபோது அழுதிருக்கவில்லை. நேரே போய் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்கால் போட்டுக்கொண்டாள்.

அடுத்தது நான். துளை போட்ட பலகைக்கு அந்தப் பக்கம் சாமியாரின் காது மட்டும் நிழலாகத் தெரிந்தது. கோபப்பட்டேன், பிள்ளையை அடித்தேன், அக்கம்பக்கத்தாரைப் புறம் பேசினேன் என்று எப்போதும் சொல்கிற பட்டியலைச் சொன்னேன். முடித்தேன். அவர் வழக்கம்போல அபராதமாகச் சொல்ல வேண்டிய ஜெபங்களைச் சொல்லவில்லை.

"வேறே ஏதாவது உண்டா அம்மா?" என்று கேட்டார்.

"இல்ல ஃபாதர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவசரம் ஒண்ணும் இல்லே."

அந்தக் குரலில் கோபமே இல்லை. இதற்கு முன்னால் என் மகள் சொன்னதை அவர் யாரிடமும் சொல்ல முடியாது, என்னிடமும் சொல்ல முடியாது. சட்டம் அப்படி. அதனால் நானே சொல்லட்டும் என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் உள்ளே போயிருக்கலாம். வெளியே பத்துப் பேர் நிற்கிறார்கள், பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று ஏதேதோ தோன்றியது.

"வேற ஒண்ணும் இல்ல ஃபாதர்."

பாவத்தை மறைத்துச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் செல்லாது, அதற்குப் பிறகு வாங்கும் நன்மை சாவான பாவம் என்று என் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்தவள் நான். மறுநாள் காலையில் பெரியவள் எழுந்து கிராதிக்குப் போனாள். நானும் அவளுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு நாக்கை நீட்டினேன். எதிர்க் குடித்தனத்து அம்மா பார்த்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

சாமியார் என்ன சொன்னார் என்று ஒரு தடவை மகளிடம் கேட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்று நீதானே சொன்னாய் என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவள் சாப்பிட ஆரம்பித்தாள், உடம்பு தேறினாள், சிரித்தாள். ஒரு வழியாகப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். தினம் ஜெபத்துக்கு முழங்கால் போடும்போது மட்டும் அந்தப் பலகைக்குப் பின்னால் இருந்த காது நினைவுக்கு வரும்.

மூன்று வருஷம் கழித்துச் சின்னவளின் முறை வந்தது. இந்த முறை அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் மடத்திலிருந்து ஓஸ்தித் துண்டுகளை வாங்கி வந்தேன். காலையில் ஒத்திகை பார்த்தேன். அவளும் அக்காளைப் போலவே நொறுக்கென்று கடித்தாள். என் வாயில் அது வந்துவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. திருத்தியிருக்கலாம். அடுப்பில் உலை கொதிக்கிறது என்று எழுந்து போய்விட்டேன்.

அன்று மத்தியானம் மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு படியில் இறங்கினேன். படிக்குப் பக்கத்து ஜன்னல் வழியாக எங்கள் அறையில் பேசுவது கேட்டது. சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பெரியவள் அவளிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் வராது. பல்லு பட்டாலும் ஒண்ணும் ஆவாது. அயுவாத."

"அம்மா சொல்லிச்சே."

"சொல்லும். நீ சரிம்மான்னு சொல்லிடு. எனுக்கும் அப்டிதான் சொல்லிச்சு. எனுக்கு ரத்தங்கூட வந்துச்சு. ஆடுற பல்லு, அதான். அந்த கர்சீப்ப அம்மா சவுக்காரம் போட்டு கல்லுல அடிச்சி தோய்ச்சுது. சாமி ரத்தமா இருந்தா அப்டி அடிச்சி தோய்க்குமா? அன்னிக்கே எனுக்கு தெரிஞ்சுபோச்சு."

சின்னவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப நீ ஏன் அம்மாவ கேக்கல?"

"கேட்டா அதுக்கு அசிங்கமா பூடும். நீயும் கேக்காத."

கையிலிருந்த துணிகளோடு நான் சத்தமில்லாமல் மறுபடி மேலே ஏறிப் போனேன். காய்ந்த துணிகளையெல்லாம் மடித்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன். அன்னிக்கே என்றாளே, அதுதான் என்னைக் குடைந்தது. நான் துவைத்த அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் சனிக்கிழமை வந்தது. பாவம் எதுவும் இல்லை என்று தெரிந்தே, அம்மா அனுப்புகிறாள் என்பதற்காக அவள் அந்த வரிசையில் நின்றிருக்கிறாள். அவ்வளவு நேரம் அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு என்ன சொன்னாள்? தனக்காகச் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லையே. எனக்காக ஏதாவது கேட்டாளா? அதனால்தான் அந்தச் சாமியார் என்னிடம் இரண்டு தடவை கேட்டாரா? ஏழு வயதுப் பிள்ளை எனக்கு வழி செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன்.

அழுது முடித்து, முகத்தைத் துடைத்து, படியில் பாதி இறங்கும்போதே காப்பி போடட்டுமா என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். நான் வருவது அவர்களுக்குத் தெரிய வேண்டுமே. இருவரும் ஒன்றும் நடக்காத மாதிரி பாடப் புத்தகத்தைப் பிரித்து வைத்திருந்தார்கள்.

அன்று ஏழு மணிக்கு முழங்கால் போட்டோம். அப்போதெல்லாம் பெரியவள்தான் ஜெபத்தை ஆரம்பிப்பாள். நான் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். "இருங்கடி, அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்," என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி இருந்தது. பெரியவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். பத்து வயதில் அவளுக்கு என் முகம் அத்துப்படி.

"மணி ஆச்சும்மா. ஜெபத்த முடிச்சிட்டு சொல்லேன்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஜெபம் முடிந்தது. சாப்பாடு போட்டேன். படுத்தோம். நான் சொல்லவில்லை.

சின்னவள் புதுநன்மை அன்றைக்கு ஓஸ்தியைக் கடித்தாளா, கரையவிட்டாளா என்று நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். மடத்தில் இரண்டு பன் தின்றாள். படத்தில் விழுந்த பல்லின் இடம் தெரிய வாயெல்லாம் சிரிப்பாக நிற்கிறாள். அந்தப் படத்தைச் சுவரில் மாட்டினேன். என் படம் எங்கேம்மா என்று பெரியவள் ஒரு தடவை கேட்டாள். கண்ணாடி உடைந்துவிட்டது என்றேன். சரிம்மா என்றாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை நான் போய்ச் சொல்லிவிட்டேன். அதற்குள் அந்தச் சாமியார் மாறிப் போய் வேறொருவர் வந்திருந்தார். பொய்யையும், மறைத்ததையும், அந்த மூன்று வருஷத்தில் வாங்கிய நன்மைகளையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அபராதமாக ஐந்து மந்திரம் சொல்லச் சொன்னார். கோயில் வாசல் தாண்டுவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். சாமி மன்னித்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கேட்க வேண்டிய ஆளிடம் கேட்கவில்லை என்பதுதான் பாக்கி.

பெரியவள் இன்றைக்கும் என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஏழு மணிக்கு முழங்கால் போடுகிறாள். மந்திரத்தை நான் பழைய வார்த்தையில் ஆரம்பித்தால் அவளும் பழைய வார்த்தையிலேயே முடிக்கிறாள். ஒவ்வொரு தடவையும் நான் இருதய ஆண்டவர் படத்தைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்க்கிறேன். இவள் சொல்கிற ஆமென் சாமிக்கா, இல்லை அம்மா மனம் நோகக்கூடாது என்பதற்கா என்று காது கொடுத்துக் கேட்கிறேன். எனக்கு வித்தியாசம் தெரிவதில்லை. வாய்விட்டுக் கேட்டுவிடலாம். கேட்டால் அவள் என்னைப் பார்த்து, மெதுவாக, ஆமாம்மா, சாமிக்குத்தான் என்பாள்.